பெரியப்பாவின் மலருக்கு ஓர் அட்டைப்படம்

குழு: கிணற்றடி வீட்டார்

செவ்வாய்க்கிழமை, மாலை

மதன்: அச்சகத்தில் திரும்பவும் கேட்டுவிட்டார்கள். அப்பாவின் 31ஆம் நாள் நினைவு மலருக்கு அட்டைப்படம் திங்கள் காலை போக வேண்டும். தேவாரம், வாழ்க்கைக் குறிப்பு, நன்றியுரை எல்லாம் கொடுத்தாயிற்று. படம்தான் பாக்கி.

லண்டன் சித்தப்பா: மணிவிழாவில் எடுத்த பட்டு வேட்டிப் படம் இருக்கிறதே. பின்னால் நல்லூர்க் கோபுரத்தைப் போட்டால் முடிந்தது.

அபி: அது உள்ளே முதல் பக்கம், சித்தப்பா. அட்டைக்கு அப்பா எடுத்த ஐஸ் படம்தான் வேண்டும் என்று அம்மா சொல்கிறார்.

லண்டன் சித்தப்பா: கல்வெட்டில், அதுவும் நினைவு மலரின் அட்டையில், ஐஸா?

பெரியம்மா: ஓம் தம்பி. ஐஸ்தான்.

ஊர் மாமி: அண்ணா அனுப்பின ஒரு படத்தையும் நான் அழிக்கவில்லை. அந்த அப்பப் படம்தானே பிள்ளை?

அபி: அதேதான் மாமி.

குட்டி: எந்த அப்பம்

நிலா: குட்டி, ஏரித் தண்ணீர் உறையத் தொடங்கும்போது அலையும் அடித்தால் ஐஸ் ஒரே பலகையாகச் சேராது. வட்டம் வட்டமாகத் திரண்டு மிதக்கும். அவை ஒன்றோடொன்று இடிபட்டு ஓரம் மட்டும் மேலே எழும்பும். நடுவில் பள்ளம், சுற்றிவர மொறுமொறு விளிம்பு. பெரியப்பா முதல்முறை பார்த்த உடனேயே அதற்கு அப்பம் என்று பேர் வைத்துவிட்டார்.

குட்டி: பசிக்கிறது

சிவம் சித்தப்பா: நல்ல வேளை ஞாபகப்படுத்தினாய். 31ஆம் நாள் காலையில் வருகிறவர்களுக்கு அப்பமா இடியப்பமா? சமையல்காரர் எண்ணிக்கை கேட்கிறார்.

உஷா சித்தி: இடியப்பம். அப்பம் ஆறினால் வாயில் வைக்க முடியாது.

மதன்: முதலில் படம். அப்பாவின் பெரிய படங்கள் எல்லாம் ஹார்ட் டிஸ்கில். அது பாஸ்வேர்ட் கேட்கிறது. வாட்ஸ்அப்பில் வந்தவை சின்னவை, அச்சில் மங்கிவிடும் என்கிறார்கள்.

குட்டி: பெரியம்மாவின் பிறந்தநாள்?

மதன்: பார்த்தாயிற்று.

சிவம் சித்தப்பா: பழைய மொரிஸ் மைனர் நம்பர் போட்டுப் பார்.

ஊர் மாமி: அந்தக் காரை யாரைக் கேட்டு விற்றது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

லண்டன் சித்தப்பா: தங்கச்சி, அந்தக் கதை இப்போது எதற்கு?

ஊர் மாமி: நான் ஒன்றும் கதைக்கவில்லை.

நிலா: மதன் அண்ணா, நான் சனிக்கிழமை ஈரி ஏரிக் கரையில் உள்ள கிறிஸ்டல் பீச் போய்ப் புதிதாக எடுத்து வரட்டுமா? பெரியப்பா நிற்கிற அதே இடம் எனக்குத் தெரியும்.

உஷா சித்தி: அவ்வளவு தூரம் எதற்கு? இங்கே ஸ்காபரோவிலேயே ஒன்ராறியோ ஏரி இருக்கிறதே. புளபர்ஸ் பார்க் பத்து நிமிடம்.

நிலா: சித்தி, அங்கே ஐஸ் வரும், ஆனால் அந்த ஐஸ் வராது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுங்கள். ஒன்ராறியோ ஏரி சராசரியாக 86 மீற்றர் ஆழம். ஈரி ஏரி வெறும் 19 மீற்றர். அதனால் ஈரி கெதியாகக் குளிர்ந்துவிடும். ஆனால் படத்துக்கு ஆழத்தைவிடக் காற்றுத்தான் முக்கியம். தண்ணீர் இன்னும் திறந்திருக்க வேண்டும், காற்று உறைநிலைக்கு நன்றாகக் கீழே இருக்க வேண்டும், அது ஏரியின் நீளத்துக்கு ஓடி வந்து கரையில் மோத வேண்டும். அப்போதுதான் அலை தூவுகிற தண்ணீர் மரம், வேலி, மின்கம்பம் எல்லாவற்றிலும் படிந்து படிந்து உறையும். ஸ்காபரோவுக்கு நீளமான ஏரிப் பக்கம் கிழக்கு. கிழக்குக் காற்று பெரும்பாலும் மிதமாகத்தான் வரும். கடுங்குளிரோடு வருவது வடமேற்குக் காற்று, அது இங்கே கரையில் இருந்து ஏரிப் பக்கம் போய்விடும். ஈரி ஏரி அப்படி இல்லை. தென்மேற்கில் இருந்து வடகிழக்காக 388 கிலோமீற்றர் நீளம். குளிர்முகம், அதாவது குளிர்காற்றுத் திரளின் முன்விளிம்பு, கடந்ததும் அடிக்கிற தென்மேற்குக் காற்று முழு நீளத்துக்கும் அலையைத் தள்ளிக்கொண்டு வந்து பஃபலோ, ஃபோர்ட் ஈரி பக்கம் கொட்டும். 2022 நத்தார்ப் புயலில் கிறிஸ்டல் பீச்சில் வீடுகளே ஐஸுக்குள் போனது அதனால்தான்.

குட்டி: அம்மாடி

சிவம் சித்தப்பா: அண்ணா கதைக்கிற மாதிரியே இருக்கிறது.

பெரியம்மா: ❤️

லண்டன் சித்தப்பா: (வீடியோ, பலமுறை பகிரப்பட்டது) ஏரி முழுக்க உறைந்து சனங்கள் நடந்தே அமெரிக்கா போகிறார்களாம். பிள்ளை, நீ நடுவில் போய் நின்று எடு, நன்றாக வரும்.

நிலா: சித்தப்பா, அதை நம்ப வேண்டாம், வேறு குழுக்களுக்கும் அனுப்ப வேண்டாம். ஐந்து பேரேரிகளையும் சேர்த்துப் பார்த்தால் ஆகக் கூடுதலாக ஐஸ் மூடியது 1979இல், 94.7 சதவீதம். 2014இல் 92ஐத் தாண்டியது. அந்த மாதிரி வருடம் எப்போதாவதுதான். அதோடு முழுக்க உறைந்துவிட்டால் அலையே இருக்காது, கரையில் புது ஐஸ் சேராது. பெரியப்பா அதனால்தான் உறையாத ஏரியைத் தேடிப் போவார்.

சிவம் சித்தப்பா: 2009இல் ஒகையோ கரையில் மீன் பிடிக்கப் போன நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஐஸ் பிரிந்து நடுவில் அகப்பட்டார்கள். ஹெலிகொப்டர் வந்துதான் தூக்கினது. ஒருவர் இறந்தும் போனார். பிள்ளைக்கு அப்படி யோசனை சொல்லாதீர்கள் அண்ணா.

லண்டன் சித்தப்பா: நான் நல்லதுக்குச் சொன்னேன். எது சொன்னாலும் இந்தக் குழுவில் நான்தான் பிழை.

அபி: அப்படி இல்லை சித்தப்பா.

லண்டன் சித்தப்பா: செத்த வீட்டுக்கு வரவில்லை என்ற கோபம் எல்லாருக்கும் இருக்கிறது. விசா வரவில்லை, நான் என்ன செய்ய?

பெரியம்மா: தம்பி, அதைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. நீங்கள் அழுததை நான் போனில் கேட்டேன். விடுங்கள்.

உஷா சித்தி: நிலா, தனியே போகக் கூடாது. ஐஸ் உடைந்து விழுந்தால்?

நிலா: ஐஸ் மேல் கால் வைக்கவே மாட்டேன் சித்தி. கரையோரம் தரை மாதிரித் தெரிகிற ஐஸ் உள்ளே கூடாக இருக்கும், அலை அடியால் அரித்துக்கொண்டே இருக்கும். சில இடங்களில் கூம்பாக எழும்பி உச்சியால் தண்ணீரைக் கக்கும், அதன் பக்கத்தில் போகவே கூடாது. காலடியில் மண்ணோ பாறையோ இருப்பது கண்ணால் தெரியாவிட்டால் நில் என்பதுதான் பெரியப்பாவின் கட்டளை. குளிர் தண்ணீரில் விழுந்தால் 1-10-1 என்று மனிற்ரோபாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் சொல்வார்: மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம், கை கால் வேலை செய்யப் பத்து நிமிடம், மயங்க ஒரு மணி நேரம். பெரியப்பா அதைக் கமராப் பையில் எழுதி ஒட்டியிருந்தார்.

மதன்: ஒட்டினது இன்னும் இருக்கிறது. இப்போதுதான் பார்த்தேன்.

நிலா: மதன் அண்ணா, ஒன்று கேட்கலாமா? கரையில் நின்றே எடுக்க அவருடைய 70-200 லென்ஸ் வேண்டும்.

மதன்: ...

மதன்: அந்தப் பையை இன்னும் நாங்கள் பிரிக்கவில்லை நிலா.

நிலா: விளங்குகிறது. வாடகைக்குப் பார்க்கிறேன்.

பெரியம்மா: மதன், கொடு. பை அலுமாரிக்குள் இருக்கிறதற்கா அவர் அவ்வளவு காசு கொடுத்து வாங்கினார்?

மதன்: சரி அம்மா. வெள்ளி இரவு கொண்டு வருகிறேன்.

நிலா: நன்றி பெரியம்மா. பட்டரி இரண்டையும் சார்ஜ் போட்டுத் தாருங்கள் அண்ணா. குளிரில் சட்டென்று இறங்கிவிடும், ஒன்று எப்போதும் உள்சட்டைப் பையில் இருக்க வேண்டும். படம் எடுத்து முடிந்ததும் கமராவை வெளியிலேயே பொலித்தீன் பைக்குள் போட்டு மூடிவிட்டுத்தான் காருக்குள் கொண்டுபோவேன். இல்லாவிட்டால் சூட்டுக்கு லென்ஸ் எல்லாம் வியர்த்துவிடும்.

லண்டன் சித்தப்பா: அது சரி, அந்த நீல நிறம் கம்ப்யூட்டரில் போடுவதுதானே?

நிலா: இல்லை சித்தப்பா. தடித்த தெளிந்த ஐஸ் வெளிச்சத்தில் சிவப்பைக் குடித்துவிடும், நீலம்தான் மிஞ்சி வரும். உள்ளே காற்றுக் குமிழி நிறைய இருந்தால் வெள்ளை. கமராதான் ஏமாற்றும். வெள்ளையைப் பார்த்து வெளிச்சம் கூட என்று நினைத்துச் சாம்பலாக்கிவிடும். அதனால் நாங்கள் வேண்டுமென்றே ஒரு படி கூட்டி எடுப்போம்.

லண்டன் சித்தப்பா: சரி பிள்ளை. பின்னட்டைக்காவது நல்லூர்.

அபி: பின்னட்டையில் பேரப்பிள்ளைகள் பெயர் வருகிறது.

ஊர் மாமி: பெயர் என்றதும் கேட்கிறேன். போன கல்வெட்டில் என் மருமகன் பெயர் விடுபட்டது. இந்த முறையாவது பாருங்கள்.

மதன்: பார்த்தேன் மாமி. இருக்கிறது.

புதன்கிழமை, காலை

ஊர் மாமி: பிள்ளைகள், அஸ்தி விஷயம் யாரும் சொல்லவில்லை. கீரிமலைக்கு எப்போது கொண்டு வருகிறீர்கள்?

அபி: மாமி, அப்பா இந்த ஏரியில் கரைக்கச் சொன்னார்.

ஊர் மாமி: அண்ணா என்னிடம் கீரிமலை என்றுதான் சொன்னார்.

சிவம் சித்தப்பா: இரண்டு இடத்திலும் சொல்லியிருப்பார். அவர் யார் மனதையும் நோகடிக்க மாட்டார்.

மதன்: ஒன்ராறியோவில் அரச நீர்நிலையில் கரைக்கத் தனி அனுமதி தேவையில்லை. ஆனால் இப்போது கரையெல்லாம் ஐஸ். எப்படியும் சித்திரை ஆகும். அதற்குள் முடிவெடுப்போம்.

ஊர் மாமி: பாதியாவது கீரிமலைக்கு வர வேண்டும்.

பெரியம்மா: யோசிப்போம் மச்சாள்.

சிவம் சித்தப்பா: சரி. சனிக்கிழமை நான் வான் ஓட்டுகிறேன். விடிகாலை ஐந்துக்கு வெளிக்கிட்டால் சூரியன் தாழ்வாக இருக்கும்போதே போய்விடலாம். வியாழன் இரவு தென்மேற்குக் காற்று, -11 என்று போட்டிருக்கிறது.

நிலா: அதுதான் சித்தப்பா! வியாழன் காற்றில் ஐஸ் கட்டும், சனி காற்று விழுந்துவிடும். வெயில் ஐஸுக்குப் பின்னால் இருந்து வந்தால் உள்ளே உள்ள குமிழி எல்லாம் தெரியும்.

பெரியம்மா: நானும் வருகிறேன்.

அபி: அம்மா, அந்தக் குளிரிலா? முழங்கால்?

பெரியம்மா: வானுக்குள் இருக்கிறேன். அவர் எடுக்கும்போதும் நான் வானுக்குள்தான் இருப்பேன். பிளாஸ்கில் தேத்தண்ணீர் நான்தான் கொண்டுபோவேன்.

மதன்: அப்படியென்றால் நானும் வருகிறேன்.

உஷா சித்தி: ஐஸ் படம் சரிவராவிட்டால் என்ன செய்வது?

மதன்: ஞாயிறு இரவு பார்த்து முடிவெடுக்கலாம். இல்லாவிட்டால் சின்ன அப்பப் படத்தையே சட்டம் போட்டு நடுவில் வைக்கலாம்.

லண்டன் சித்தப்பா: அல்லது நல்லூர்.

குட்டி: மொரிஸ் மைனர் நம்பர் யாருக்காவது தெரியுமா? நான் போட்டுப் பார்க்கிறேன்

ஊர் மாமி: எனக்குத் தெரியும். உனக்கு மட்டும் தனியே அனுப்புகிறேன்.

சிவம் சித்தப்பா: வானில் இன்னும் ஓர் இடம் இருக்கிறது. இடியப்பம் 150 என்று சொல்லிவிடவா?

உஷா சித்தி: 200 சொல்லுங்கள். மார்க்கம் ஆட்கள் எல்லாரும் வருவார்கள்.