புதுப்பிப்பு: அப்பா மொபெட்டை நிறுத்திய பின் செய்த ஏற்பாடு

கண் நீர் அழுத்த நோயால் பக்கவாட்டுப் பார்வை குறைந்து மொபெட்டை நிறுத்திவிட்ட என் அப்பா, கோபிச்செட்டிபாளையம் அருகேயுள்ள எங்கள் தோட்டத்துச் சாளை வீட்டிலிருந்து வெளியே செல்ல என்ன வழி என்று முன்பு கேட்டிருந்தேன்.

பலரும் பரிந்துரைத்த டவுன் பஸ் ஓரளவே பயன்பட்டது. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் அம்மாவுக்குச் செலவில்லை. அப்பா சீட்டு எடுத்தாக வேண்டும். ஒருவர் குறிப்பிட்ட மூத்த குடிமக்களுக்கான இலவச டோக்கன் சென்னை மாநகரப் பேருந்துகளுக்கு உரியது. அதற்காக இங்கே அலைய வேண்டாம். உண்மையில் கட்டணத்தைவிடப் படிக்கட்டுதான் பெரிய தடை. முழங்கால் வலியுள்ளவர் கம்பியைப் பிடித்து ஒரு காலை மேலே வைப்பதற்குள் விசில் ஊதிவிடுகிறார்கள். ஏறும்போது நல்ல காலையும் இறங்கும்போது வலிக்கும் காலையும் முதலில் வைக்கும்படி இயன்முறை மருத்துவர் சொல்லிக்கொடுத்தது ஓரளவு கைகொடுத்தது.

இப்போது சந்தை நாளுக்கும் மருத்துவமனைக்கும் ஊர் ஆட்டோக்காரர் ஒருவரிடம் மாதக் கணக்கு வைத்திருக்கிறோம். வாடகையை அப்பாவே தம் கையால் கொடுக்கிறார். ஒவ்வொரு முறையும் மகனிடம் கேட்டுப் புறப்படுவது அவருக்குக் கௌரவக் குறைச்சல். (கைபேசிச் செயலியில் கூப்பிட்டால் தோட்டம் வரை யாரும் வருவதில்லை.) இரத்த அழுத்த மாத்திரைகள் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வருவதால் ஓர் அலைச்சல் மிச்சம்.

ஈரோட்டிலிருந்து சென்னைக்கு ரயிலில் அழைத்துச் செல்பவர்களுக்கு: மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது, ஆனால் 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு தொடர்வதால், முன்பதிவின்போது அதைத் தேர்ந்தெடுங்கள்.