முதல் ராக் அண்ட் ரோல் ரெக்கார்டு ‘ராக்கெட் 88’தானா? எனக்கு உடன்பாடில்லை

மீரா_க:
ராக் அண்ட் ரோல் என்று பேச்செடுத்தாலே “1951, மெம்பிஸ், ராக்கெட் 88” என்று முடித்துவிடுகிறார்கள். இன்னும் சிலர் 1954-இல் எல்விஸ் வந்ததிலிருந்துதான் கணக்கையே தொடங்குகிறார்கள். கிதார் வாசித்துக்கொண்டே பக்திப் பாட்டுப் பாடிய சிஸ்டர் ரோசட்டா தார்ப்பை எங்கே வைப்பீர்கள்? ஆர்கன்சாவில் காட்டன் பிளான்ட் என்ற சின்ன ஊரில் 1915-இல் பிறந்து, சர்ச்சில் அம்மாவோடு பாடி வளர்ந்தவர். 1944-இல் அவர் பதிவு செய்த ‘ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹாப்பனிங் எவ்ரி டே’ அடுத்த வருடம் பில்போர்டு என்ற அமெரிக்க இசைப் பத்திரிகையின் கறுப்பினப் பாடல்கள் பட்டியலில் 2-ஆம் இடம் வரை போனது. பக்திப் பாட்டுதான். ஆனால் அந்தப் பியானோ ஓடுகிற ஓட்டத்தையும், நடுவில் அவர் கிதாரைக் கையாளும் விதத்தையும் கேட்டுப் பாருங்கள். யார் பாடியது என்று சொல்லாமல் போட்டால் 1955 என்றுதான் நினைப்பீர்கள்.

குமரன்_பேஸ்:
தார்ப் மேல் எனக்கும் பெரிய மரியாதை உண்டு மீரா. ஆனால் அது காஸ்பல், கிறிஸ்தவ பக்தி இசை. முன்னோடி வேறு, முதல் ரெக்கார்டு வேறு.

ராக்கெட் 88-க்கு வருகிறேன். லேபிளில் ஜாக்கி பிரென்ஸ்டன் பெயர் இருந்தாலும் வாசித்தது ஐக் டர்னரின் குழு. மிசிசிப்பியிலிருந்து மெம்பிஸ் வரும் வழியில் கிதார் ஆம்ப் (கிதாரின் ஒலியைப் பெருக்கும் ஸ்பீக்கர் பெட்டி) பழுதாகிவிட்டது. எப்படிப் பழுதானது என்பதற்கு ஆளுக்கொரு கதை இருக்கிறது. வேறு ஆம்ப் தேடாமல், கிழிந்த ஸ்பீக்கர் கோனுக்குள் காகிதத்தைத் திணித்து அப்படியே பதிவு செய்தார் மெம்பிஸ் ஸ்டுடியோக்காரர் சாம் பிலிப்ஸ். பாட்டு முழுக்க அடியில் கரகரவென்று ஓடுகிறதே வில்லி கிசார்ட்டின் கிதார், அந்த டிஸ்டார்ஷன் இல்லாமல் பின்னால் வந்த ராக் இசையை நினைத்துப் பார்க்க முடியுமா? விஷயமும் புதுசு: கார், வேகம், ஊர் சுற்றல். சிகாகோவின் செஸ் கம்பெனி வெளியிட்டு ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் ப்ளூஸ்) பட்டியலில் முதலிடம் பிடித்தது.

நெல்லைத்தாளம்:
டிரம்ஸ் வாசிக்கிறவனாக ஒரு மறுப்பு. ராக்கெட் 88-இன் தாளம் ஷஃபிள். ஒரு அடி நீளம், ஒரு அடி குட்டை என்று நொண்டி நொண்டிப் போகும். கறுப்பினப் பாடகர் லூயிஸ் ஜோர்டன் 1940-கள் முழுக்க ஜம்ப் ப்ளூஸ் என்ற இந்தத் துள்ளல் ப்ளூஸைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார். ஸ்பீக்கர் கிழிந்ததால் தாளம் மாறிவிடாது.

மாற்றம் நடந்தது நியூ ஆர்லியன்ஸில், கோசிமோ மட்டாஸாவின் ஸ்டுடியோவில். 1955 செப்டம்பரில் பதிவான ‘டூட்டி ஃப்ரூட்டி’யை ஹெட்ஃபோனில் கேளுங்கள். லிட்டில் ரிச்சர்டின் வலது கை எட்டு அடியையும் சம இடைவெளியில் இடிக்கிறது. டிரம்ஸில் எர்ல் பாமர் இன்னும் ஷஃபிளிலேயே இருக்கிறார். இரண்டும் உரசுவது தெளிவாகக் கேட்கும். அந்த வலது கையை எதிர்த்துப் போக முடியாமல்தான் பிறகு நேர் அடிக்கு மாறினதாகப் பாமரே சொல்லியிருக்கிறார். என்னைக் கேட்டால் ராக் அண்ட் ரோல் பிறந்தது அந்த உரசலில்தான்.

ரவி_வினைல்:
எல்லோரும் கன்ட்ரியை, அதாவது அமெரிக்க வெள்ளையரின் கிராமிய இசையை, மறந்துவிட்டீர்கள். சக் பெர்ரியின் ‘மேபலீன்’ (1955) எதிலிருந்து வந்தது? பாப் வில்ஸ் 1938-இல் பதிவு செய்த ‘ஐடா ரெட்’ என்ற ஃபிடில் பாட்டிலிருந்து. சாம் பிலிப்ஸின் சன் கம்பெனியில் எல்விஸ் போட்ட முதல் ரெக்கார்டில் ஒரு பக்கம் ஆர்தர் கிரூடப்பின் ப்ளூஸ், மறுபக்கம் பில் மன்றோவின் புளூகிராஸ், அதுவும் கன்ட்ரி வகைதான். பில் ஹேலியும் கன்ட்ரி ஆள்தான். 1951-லேயே ராக்கெட் 88-ஐத் தன் குழுவோடு பாடிவிட்டார். இரண்டு பக்கமும் கலந்த பிறகுதான் இது ராக் அண்ட் ரோல் ஆனது. எல்விஸைக் கறுப்பினத்தவரின் இசையைத் திருடியவர் என்று எழுதுகிறவர்களை என்னால் ஏற்க முடியாது.

மீரா_க:
ரவி சார், நான் அந்தச் சொல்லை எழுதவில்லை. கிரூடப்பைப் பற்றி எல்விஸ் பேட்டியிலேயே மரியாதையாகப் பேசியவர்.

ஆனால் இசை இரு பக்கமும் போனது, பணம் ஒரு பக்கம்தான் போனது. 1974-இல் இறக்கும்வரை கிரூடப்புக்கு உரிய ராயல்டி கைக்கு வரவில்லை. நீங்கள் சொன்ன அதே மேபலீனில், பாட்டு எழுதியவர் வரிசையில் ஆலன் ஃபிரீட் பெயர் எப்படி வந்தது? அவர் வானொலியில் ரெக்கார்டு போடுகிறவர். ஒரு வரிகூட எழுதாதவரின் பெயர் 1986 வரை அங்கே இருந்தது. டூட்டி ஃப்ரூட்டியை வெள்ளையினப் பாடகர் பாட் பூன் சாதுவான பாட்டாக ஆக்கிப் பாப் பட்டியலில் 12-ஆம் இடம் போனார், லிட்டில் ரிச்சர்ட் 17-இல் நின்றார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்ட யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும். ‘கலப்பு’ என்ற ஒற்றைச் சொல்லில் இதையெல்லாம் தள்ளிவிட முடியாது.

ரவி_வினைல்:
பணக் கணக்கில் உங்களோடு நிற்கிறேன். இசைக் கணக்கில் இல்லை. லூயிஸ் ஜோர்டனையும் பில் ஹேலியின் ‘ராக் அரவுண்ட் த க்ளாக்’கையும் டெக்கா ரெக்கார்டு கம்பெனியில் தயாரித்தது ஒரே ஆள், மில்ட் கேப்ளர். ஜோர்டனின் துள்ளலை ஹேலிக்குத் தெரிந்தே கொண்டுபோனார். அது இசையின் வழி.

மீரா_க:
ஆமாம், ஜோர்டன் வரை போவோம். 1946-இல் அவர் குழுவில் கார்ல் ஹோகன் என்ற கிதார்க்காரர் ‘எய்ன்ட் தட் ஜஸ்ட் லைக் எ வுமன்’ பாட்டின் தொடக்கத்தில் வாசித்ததையும், 1958-இல் சக் பெர்ரி ‘ஜானி பி. குட்’ தொடக்கத்தில் வாசித்ததையும் சேர்த்துப் போடுங்கள். ஏறக்குறைய சுரத்துக்குச் சுரம். பெர்ரியே ஒப்புக்கொண்டது. ஹோகன் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

தாளம் அண்ணா, உங்கள் லிட்டில் ரிச்சர்டை 1947-இல் ஜார்ஜியாவின் மேக்கன் நகரில் சிறுவனாக மேடையேற்றிப் பாடவைத்தது யார் தெரியுமா? ரோசட்டா தார்ப்.

குமரன்_பேஸ்:
மேடை ஏற்றினார், சரி. ரெக்கார்டு? காஸ்பல் இல்லாமல், 1951-க்கு முன்னால், இந்த வலுவோடு ஒன்றைக் காட்டுங்கள்.

நெல்லைத்தாளம்:
‘தி ஃபேட் மேன்’, ஃபேட்ஸ் டாமினோ. 1949 டிசம்பரில் பதிவு, ராக்கெட் 88-க்கு 15 மாதம் முன்னால். அதே மட்டாஸா ஸ்டுடியோ, டிரம்ஸில் அதே எர்ல் பாமர். கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள் குமரன்.