ஆர்சி புத்தகத்தோடு 22,000, புத்தகம் இல்லாமல் 14,000: ஓடாத காரை ஏமாறாமல் விற்பது எப்படி?

கேள்வி – வேப்பமரத்தடி (திருச்சி)

அனைவருக்கும் வணக்கம். காலஞ்சென்ற என் தந்தையின் 2007ஆம் ஆண்டு மாருதி 800 கார், எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் இரண்டு ஆண்டுகளாக அசையாமல் நிற்கிறது. எஞ்சின் இறுகிவிட்டது, தரைத்தகடு துருப்பிடித்துப் பெயர்ந்துவிட்டது, செப்பனிடுவதில் பொருளில்லை என்று மெக்கானிக்கும் சொல்லிவிட்டார். அப்பா 2022இல் பதிவைப் புதுப்பித்திருந்ததால் ஆர்சி இன்னும் செல்லுபடியாகிறது. ஆனால் அது அவர் பெயரிலேயே இருக்கிறது.

விற்பனை விளம்பரம் போட்ட அன்றே மூன்று பேர் தொடர்பு கொண்டார்கள். முதலாமவர் வண்டியைப் பார்க்காமலேயே 38,000 ரூபாய் தருவதாகவும், முன்பணம் அனுப்புவதற்கு ஒரு கியூஆர் குறியீட்டை நான் ஸ்கேன் செய்ய வேண்டும் என்றும் சொன்னார். இரண்டாமவர், பதினைந்து ஆண்டு கடந்த காரை அரசு எப்போது வேண்டுமானாலும் பறிமுதல் செய்துவிடும் என்று அச்சுறுத்தி, 9,000 ரூபாய்க்குக் கேட்டார். மூன்றாமவர் பக்கத்து ஊர் காயலான் கடைக்காரர். அவர் கேட்டதுதான் எனக்குப் புரியவில்லை: ஆர்சி புத்தகத்தோடு கொடுத்தால் 22,000, புத்தகம் இல்லாவிட்டால் 14,000 என்கிறார். வண்டியின் உரிமையை மாற்றுவதற்கான படிவம் 29, 30 இரண்டிலும் அப்பாவின் கையெழுத்தை நானே போட்டுக் கொடுத்தால் போதுமாம். உடைக்கப்போகும் வண்டியின் ஒரு காகிதத்துக்கு எதற்காக 8,000 ரூபாய்? விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பதில் 1 – ஓய்வுபெற்ற சர்வேயர்

நண்பரே, அந்த 8,000 ரூபாயைப் பற்றி நீங்கள் சந்தேகப்பட்டது மிகவும் நல்லதாயிற்று. விபத்துக் கார்களை மதிப்பிடும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரும்புக்காக வாங்குகிறவருக்கு உங்கள் ஆர்சி தேவையே இல்லை. அதே மாடல், அதே நிறம் உள்ள திருட்டுக் கார் ஒன்றை வைத்திருப்பவருக்குத்தான் அது தேவைப்படுகிறது. உங்கள் காரின் சேசிஸ் எண் (வண்டியின் சட்டகத்தில் உள்ள அடையாள எண்) பொறித்த தகட்டை வெட்டியெடுத்துத் திருட்டுக் காரில் பற்றவைத்து, உங்கள் எண் பலகையையும் மாட்டிவிட்டால், அந்தக் கார் உங்கள் அப்பாவின் பெயரில் புதிதாகப் பிறந்துவிடும். எல்லாக் காயலான் கடைக்காரர்களும் இப்படிச் செய்வார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் காகிதத்துக்கென்று தனி விலை பேசுபவரிடம் காரணம் கேட்காமல் விற்கக் கூடாது.

இறந்தவரின் கையெழுத்தை நீங்கள் போடுவது போலி ஆவணம் தயாரிக்கும் குற்றம். பின்னாளில் சிக்கல் வந்தால் வாங்கியவர் மறைந்துவிடுவார், கையெழுத்திட்டவர் மட்டும் நிற்பார். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவின்படியும் அதற்கான விதிகளின்படியும், உரிமையாளர் இறந்தால் வாரிசு 30 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து, படிவம் 31 வழியாகப் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும். நீங்கள் தாமதித்துவிட்டதால் அபராதம் கேட்கக்கூடும். இருந்தாலும் அந்த வழி அடைபட்டுவிடவில்லை.

உடைக்கத்தான் போகிறீர்கள் என்றால், 2021ஆம் ஆண்டு விதிகளின்கீழ் பதிவு பெற்ற வாகன உடைப்பு மையத்திடம் கொடுப்பதே என் பரிந்துரை. மத்தியப் போக்குவரத்து அமைச்சகத்தின் பரிவாகன் இணையதளத்தில் அத்தகைய மையங்களின் பட்டியல் இருக்கிறது. இறப்புச் சான்றிதழையும் வாரிசுச் சான்றிதழையும் வைத்து வாரிசே ஒப்படைக்கலாம். கடன், திருட்டுப் புகார் முதலியவற்றைச் சரிபார்த்த பிறகே அவர்கள் வண்டியை ஏற்பார்கள். ஏற்றதும் ஒப்படைப்புச் சான்றிதழும், உடைத்து முடித்ததும் உடைப்புச் சான்றிதழும் தருவார்கள். ஒப்படைப்புச் சான்றிதழைக் காட்டிப் புதிய கார் வாங்கினால் பதிவுக் கட்டணம் கிடையாது. சொந்த உபயோக வாகனத்துக்குச் சாலை வரியில் 25 விழுக்காடு வரை சலுகை தரவும் மத்திய விதியில் இடமிருக்கிறது, ஆனால் அதை எவ்வளவு தருவது என்பது மாநிலத்தின் கையில் இருக்கிறது.

பறிமுதல் என்று பயமுறுத்தியவரைப் பற்றி ஒரு வார்த்தை. பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டியும் பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டியும் ஓடக்கூடாது என்ற கட்டுப்பாடு டெல்லிப் பகுதிக்காகப் பிறந்தது. 2023 ஏப்ரல் முதல் பதினைந்து ஆண்டு கடந்தால் பதிவைப் புதுப்பிக்க முடியாது என்று வந்த விதி அரசு வாகனங்களுக்கானது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பி, தமிழ்நாட்டில் கார் வைத்திருப்பவரை விரட்டி விலையைக் குறைக்கிறார்கள். உங்கள் அப்பா 2022இல் பதிவைப் புதுப்பித்ததே அவருக்கான பதில்.

பதில் 2 – கொங்குச்சாலை

மேலே சொன்னது எனக்கே நடந்தது. பழைய கார் ஒன்றை ஆர்சியோடு ஒரு கடையில் கொடுத்துவிட்டு, படிவம் 29, 30 இரண்டிலும் வாங்குபவர் பெயரை நிரப்பாமலேயே கையெழுத்திட்டு வந்துவிட்டேன். பதினான்கு மாதம் கழித்து வேறு மாவட்டத்துக் காவலர்கள் இருவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். என் எண் பலகையோடு பிடிபட்ட காரின் புகைப்படத்தைக் காட்டினார்கள். நிறம் என் காரின் நிறம், மாடலும் அதுவே. ஆனால் பின்கதவில் என் மகள் ஆணியால் கிறுக்கிய கோடு மட்டும் இல்லை. அந்தக் கோட்டைச் சொல்லித்தான் அது என் கார் இல்லை என்று நான் வாதாடத் தொடங்கினேன்.

என்னைக் காப்பாற்றியது, கடைக்காரரிடம் ஏதோ பிடிவாதத்தில் எழுதி வாங்கியிருந்த ஒப்படைப்புக் கடிதம். தேதி, நேரம், சேசிஸ் எண், எஞ்சின் எண், வாங்கியவரின் கையெழுத்து, அவருடைய ஆதார் நகல் எல்லாம் அதில் இருந்தன. ஆனாலும் நான்கு முறை போய்வர வேண்டியிருந்தது. பதிவு அலுவலகத்துக்குப் பதினான்கு நாளுக்குள் தெரிவித்திருந்தால் ஒரே முறையில் முடிந்திருக்கும் என்று அந்த ஆய்வாளரே சொன்னார்.

வழக்கறிஞர் ஒருவர் அப்போது எனக்குச் சொன்னதையும் பகிர்கிறேன். நவீன் குமார் எதிர் விஜய் குமார் என்ற வழக்கில், கார் பல கை மாறிய பிறகு நடந்த விபத்துக்கும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. பழைய இரும்பு விற்ற காசு அதற்கு எம்மூலைக்கு?

பதில் 3 – எடைமேடை

பெரியவர்கள் காகிதத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். நான் எடையைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் கார் ஏறக்குறைய 650 கிலோ இருக்கும். கிலோ விலை பேசி விற்பதாக இருந்தால், வண்டியை ஏற்றிச் செல்லும் லாரியோடு நீங்களும் எடைமேடைக்குப் போய்விடுங்கள். என் அண்ணன் காரை விற்றபோது கண்ணெதிரே ஒரு வித்தை நடந்தது. காரோடு லாரியை எடை போட்டபோது ஓட்டுநரும் உதவியாளரும் கீழே இறங்கி டீ குடித்தார்கள். காரை இறக்கிவிட்டுக் காலி லாரியை எடை போட்டபோது இருவரும் கேபினுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு ஆளின் எடையாக ஏறக்குறைய 130 கிலோ அப்படியே காணாமல் போனது. கிலோ 24 ரூபாய் என்று பேசியிருந்ததால் 3,120 ரூபாய். இறங்கச் சொல்லி மறுபடி எடை போட வைத்தோம், சிரித்துக்கொண்டே இறங்கினார்கள்.

பேட்டரியையும், பரவாயில்லாத நிலையில் உள்ள டயர்களையும் தனியே விற்றுவிடுங்கள். புகைக்குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் பிளாட்டினம், பல்லேடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் சிறிதளவு இருக்கும். கடைக்காரர் அதைப் பற்றி வாயே திறக்க மாட்டார். ஆனால் உடைப்பு மையத்திடம் கொடுப்பதாக இருந்தால் எதையும் கழற்றுவதற்கு முன் அவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள், முழு வண்டியாக இல்லாவிட்டால் விலையைக் குறைப்பார்கள்.

பதில் 4 – கைப்பேசிக்காரன்

38,000 ரூபாய்க்காரரிடம் இனிப் பேசவே வேண்டாம். யூபிஐயில் பணம் பெறுவதற்குக் குறியீட்டை ஸ்கேன் செய்யவும் வேண்டாம், ரகசிய எண்ணை அழுத்தவும் வேண்டாம். ரகசிய எண் கேட்டால் உங்கள் பணம் வெளியே போகிறது என்று பொருள். இத்தகையோர் முதலில் பத்து ரூபாய் அனுப்பி நம்பவைப்பதும், தாம் ராணுவத்தில் இருப்பதாக அடையாள அட்டைப் படம் அனுப்புவதும் உண்டு. பணம் அனுப்பிவிட்டதாகக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டையோ குறுஞ்செய்தியையோ நம்பி வண்டியை விடாமல், வங்கிக் கணக்கின் இருப்பை நீங்களே திறந்து பாருங்கள். ஏற்கெனவே ஸ்கேன் செய்திருந்தால், உடனே 1930 என்ற இணைய மோசடிப் புகார் எண்ணை அழைக்க வேண்டும். எவ்வளவு விரைவாக அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு அதிகம்.

வேப்பமரத்தடி

அனைவருக்கும் நன்றி. நல்லவேளை, ஸ்கேன் செய்யவில்லை. இன்று காலை காயலான் கடைக்காரரிடம், “சேசிஸ் எண் உள்ள தகட்டை மட்டும் என் முன்னிலையில் வெட்டி எனக்குக் கொடுத்துவிடுங்கள், 22,000 வேண்டாம், 18,000 போதும்” என்று சொல்லிப் பார்த்தேன். அழைப்பைத் துண்டித்தவர் பிறகு எடுக்கவே இல்லை. வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிட்டு, உடைப்பு மையத்துக்கே போகலாம் என்று அம்மாவும் சொல்கிறார். காப்பீடும் பாஸ்டேக்கும் இருக்கின்றன. அவற்றை என்ன செய்வது?

ஓய்வுபெற்ற சர்வேயர்

நல்ல சோதனை செய்தீர்கள். பாஸ்டேக்கைக் கொடுத்த வங்கியில் சொல்லி மூடிவிட்டு, கண்ணாடியில் ஒட்டியிருப்பதைக் கிழித்துவிடுங்கள். அப்படியே விட்டால் சுங்கச் சாவடியில் வேறொருவர் உங்கள் கணக்கில் கடந்து போவார். காப்பீட்டை ஒப்படைப்புச் சான்றிதழ் கைக்கு வரும்வரை நிறுத்த வேண்டாம். வண்டி வாசலைத் தாண்டும் முன், சேசிஸ் எண்ணும் எண் பலகையும் தெரியும்படி நான்கு புறமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.