சப்பாத்தின் நடுப்படை பொடிகிறது: கொழும்பில் யார் மாற்றித் தருவார்கள்?

அனைவருக்கும் வணக்கம். ஜூலை இறுதியில் எங்கள் வெள்ளவத்தை நண்பர் குழு லடாக்கின் மார்க்கா பள்ளத்தாக்கில் ஒரு வாரம் நடக்கப் புறப்படுகிறது. அதற்குள் என் மலையேற்றச் சப்பாத்து கைவிட்டுவிட்டது.

2018இல் வாங்கிய, கணுக்காலை மூடும் தோல் சப்பாத்து அது. மேற்றோலிலும் தையலிலும் ஒரு குறையும் இல்லை. சென்ற மாதம் நக்கிள்ஸ் மலைத்தொடரில் பயிற்சிக்காக நடந்தபோது வலது குதிப்பக்கம் அடி வாய்பிளந்தது. பிரித்துப் பார்த்தால், மேற்றோலுக்கும் இறப்பர் அடிக்கும் நடுவிலுள்ள பொலியூரித்தேன் படை, விரலால் அழுத்தியதுமே பழைய ரஸ்க் போலப் பொடிந்து கொட்டுகிறது. ஈரக்காற்றில் இருந்தால், அணியாமல் வைத்திருந்தாலும் அந்தப் பொருள் நாளடைவில் சிதைந்துவிடும் என்பதால், கொழும்பில் இது வேறு பலருக்கும் நேர்ந்திருக்கும்.

புறக்கோட்டையில் பசை வைத்து ஒட்டிப் பார்த்தோம்; மறுநாளே கழன்றது, பசை பிடிப்பதற்கு உறுதியான பரப்பே அங்கில்லை. சுற்றிவரத் தைத்ததும் நிற்கவில்லை. வாங்கிய கடையில் அடி மாற்றும் வேலையைச் செய்வதில்லை என்கிறார்கள். புதுச் சோடி வாங்கலாம்தான், ஆனால் என் அகன்ற பாதத்துக்குப் பொருந்துவது இங்கே கிடைக்கவில்லை. பழகாத சப்பாத்துடன் நாள்கணக்கில் கல்லிலும் மணலிலும் நடந்து, 5,000 மீற்றருக்கும் உயரமான கொங்மாரு லா கணவாயை ஏறினால் பாதம் கொப்புளித்துவிடும், ஒருவர் நொண்டினால் குழு முழுவதும் நிற்க வேண்டியிருக்கும்.

கொழும்பிலோ அண்டிய ஊர்களிலோ, சிதைந்த நடுப்படையை முழுவதும் அகற்றிப் புதிய அடி பொருத்தித் தரக்கூடிய சப்பாத்துத் தொழிலாளர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?