நாஸ்கார் (அமெரிக்கக் கார் பந்தயம்) நேரில் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? அந்தக் கடைசி மூணு லேப் (சுற்று) எனக்கு இன்னும் ஆறவில்லை

சாண்ட்லர் மாப்பிள்ளை:

2025 நவம்பர் 2, ஃபீனிக்ஸ் ஃபைனல். ஃபார்மட் தெரிந்தவர்கள்தான் இங்கே இருப்பீர்கள், விளக்கப் போவதில்லை. ரேஸில் எல்லாரும் ஓடுவார்கள், ஆனால் கப்புக்கு நிற்பது நாலு பேர், அந்த நாலு பேரில் முன்னால் முடிப்பவருக்கு வருஷக் கப்.

ஊரிலிருந்து வந்திருந்த மாமனாரையும் கூட்டிக்கொண்டு போனேன். சிவகங்கைப் பக்கம் பெரிய மாடு, சின்ன மாடு என்று மாட்டுவண்டிப் பந்தயம் பார்த்தே வளர்ந்தவர். முதல் அரை மணி நேரம் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு சத்தத்தைத் திட்டினார், அப்புறம் 11-ஆம் நம்பர் வண்டியைப் பிடித்துக்கொண்டார். டென்னி ஹாம்லின், அந்த நாலு பேரில் ஒருவர். இருபது வருஷமாக ஓட்டுகிறார், 60 ரேஸ் ஜெயித்தவர், ஆனால் ஒரு கப் கூட வாங்கியதில்லை என்று நான் சொன்னதும் பாசம் இன்னும் கூடிவிட்டது. அன்று மட்டும் 208 லேப் அவர்தான் முன்னால்.

மூணு லேப் பாக்கி. பார்க்கிங் நெரிசலில் மாட்டாமல் கிளம்பலாம் என்று புளிசாத டப்பாவை மூடிக்கொண்டிருக்கிறேன், நாலு பேரில் இன்னொருவரான பைரனின் டயர் போய் வண்டி சுவரில் இடிக்கிறது. மஞ்சள் விளக்கு, ரேஸ் நிதானமாகிறது. எல்லாரும் டயர் மாற்றும் பிட்டுக்குள். ஹாம்லினுக்கு நாலு டயர் மாற்றினார்கள், அந்த நாலில் ஒருவரான லார்சனுக்கு இரண்டே. மறுபடி கிளம்பும்போது லார்சன் ஐந்தாவது, ஹாம்லின் பத்தாவது, ஓட்ட இரண்டே லேப். லார்சன் மூன்றாவதாக முடித்தார், கப் அவருக்கு. அன்று ஒரு லேப் கூட முன்னால் ஓடாதவர். அவர் மேல் தப்பில்லை, விதி அப்படி.

மாமனார் உட்கார்ந்த இடத்திலிருந்து எழவே இல்லை. "பந்தயத்தை ஜெயிச்சது யாரு மாப்ள?" அந்த நாலு பேரில் இல்லாத பிளேனி, மாமா. "கப்பு யாருக்கு?" லார்சனுக்கு. "அப்ப நாம சாயங்காலம் வரைக்கும் பாத்துக்கிட்டு இருந்தமே, அவன்?"

பதில் சொல்லத் தெரியவில்லை. வீடு வரும் வரை காரில் யாரும் பேசவில்லை. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

சார்லட் பழைய ஆள்:

தம்பி, உங்கள் மாமனார் கேட்டது நியாயம்தான், ஆனால் வருஷத்தின் 36 ரேஸ் பாயிண்டையும் கூட்டிக் கப் கொடுத்த காலத்தையும் நான் பார்த்திருக்கிறேன். 2003-இல் மேட் கென்செத் ஒரே ஒரு ரேஸ் ஜெயித்துக் கப் வாங்கினார், ஃபைனலுக்கு முன்னாலேயே முடிவு தெரிந்துவிட்டது, ஊரே கொட்டாவி விட்டது. அடுத்த வருஷமே கடைசி பத்து ரேஸுக்குத் தனிக் கணக்கு என்று 'சேஸ்' கொண்டு வந்தார்கள், 2014-இல் கடைசியில் நாலு பேர் மிஞ்சும் வரை ஆட்களைக் கழித்துக்கொண்டே போகும் முறை வந்தது. எதைச் செய்தாலும் பாதிப் பேர் திட்டத்தான் போகிறார்கள்.

என் கதை சின்னது. 2022 அக்டோபர், மார்ட்டின்ஸ்வில் டிராக், ஃபைனலுக்கு முந்தைய ரேஸ். கடைசி லேப். கையிலிருந்த அந்த ரோஸ் கலர் ஹாட்டாக் (சாசேஜ் வைத்த பன்) சட்டையில் ஒழுகிவிட்டது, துடைக்கக் குனிந்தேன். ஸ்டாண்டே ஓவென்று கத்தியது. நிமிர்ந்து பார்த்தால் எல்லாரும் தலையில் கை வைத்து நிற்கிறார்கள். ராஸ் சாஸ்டெயின் வண்டியைச் சுவரோடு ஒட்டி, கால் எடுக்காமல் அழுத்தி, ஐந்து பேரைத் தாண்டி ஃபைனலுக்குப் போய்விட்டார். 13 வருஷமாக நேரில் போகிறேன், நடந்த ஒரே அதிசயத்தை ஹாட்டாக்குக்காக விட்டேன். நீங்கள் திட்டும் இதே ஃபார்மட் இல்லையென்றால் அந்த மனுஷனுக்கு அவ்வளவு வெறி வந்திருக்காது. அடுத்த வருஷமே இனி அப்படி ஓட்டக்கூடாது என்று தடுத்துவிட்டார்கள், அது வேறு.

புதிதாகப் போகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்லிவிடுகிறேன். பஞ்சு எல்லாம் பத்தாது, காதுக்கு நல்ல மஃப் வாங்குங்கள், குழந்தை இருந்தால் கட்டாயம். ரேடியோ கேட்கும் ஸ்கேனர் வாடகைக்குக் கிடைக்கும், எடுங்கள், டிரைவரும், மேலேயிருந்து பார்த்து அவருக்கு வழி சொல்லும் ஸ்பாட்டரும் பேசுவதைக் கேட்காமல் பார்ப்பது வர்ணனை இல்லாமல் கிரிக்கெட் பார்ப்பது மாதிரி. கீழ் வரிசை டிக்கெட் மலிவு என்று வாங்கி ஏமாறாதீர்கள், வேலிதான் தெரியும், எவ்வளவு மேலே கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது. சாப்பாடு கொண்டுபோக நிறைய இடங்களில் விடுகிறார்கள், மெத்துக் கூலராக இருக்க வேண்டும், அளவை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். தயிர்சாதம் வெயிலில் புளித்துவிடும். எலுமிச்சை சாதம் தாங்கும். முடிந்ததும் ஓடாதீர்கள், ஒரு மணி நேரம் உட்கார்ந்து மிச்சத்தைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

நாக்ஸ்வில் நண்பன்:

சார்லட் அண்ணே, கதை நாலு வரி, சமையல் குறிப்பு எட்டு வரி. 😀

இரண்டு பேரும் தப்பான இடத்தில் சண்டை போடுகிறீர்கள் என்பது என் கருத்து. கப்பை எப்படிக் கொடுத்தால் என்ன, ஞாயிற்றுக்கிழமை ரேஸ் நன்றாக இருக்கிறதா, அதைச் சொல்லுங்கள். 2022-இல் வந்த புது வண்டி சின்ன டிராக்கில் முந்தவே விட மாட்டேன் என்கிறது, முன்னால் போனவன் போனவன்தான்.

2024 மார்ச், பிரிஸ்டல், கிண்ணம் மாதிரியான அரை மைல் டிராக். டயர் யாரும் எதிர்பாராத வேகத்தில் தேய ஆரம்பித்தது, ஐம்பது லேப் கூடத் தாங்கவில்லை. உலகத்திலேயே வேகமாக ஓட்டுகிறவர்கள் எல்லாரும் டயரைக் காப்பாற்ற மெதுவாக ஓட்டுகிறார்கள், பொறுமை இழந்தவன் பின்னால் போகிறான். முன்னிலை 54 தடவை கை மாறியது. பக்கத்து சீட்டில் ஒரு பாட்டி, தலை நரைத்து எண்பதைத் தொடும் வயசு, சட்டை மடிப்பிலிருந்து ஒரு ரப்பர் துணுக்கை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, பழைய காலத்தில் இப்படித்தான் இருக்கும் என்றார். அது இன்னும் என் மேசையில் இருக்கிறது.

செப்டம்பரில் அதே ஆசையில் மறுபடி போனேன். அதே டயர்தான் என்றார்கள். இந்தத் தடவை தேயவில்லை, லார்சன் 500 லேப்பில் 462 லேப் முன்னால் ஓடினார், நான் 400-ஆவது லேப்பில் தூங்கிவிட்டேன், பொய் இல்லை. ரசிகனுக்கு வேண்டியது தற்செயலாக ஒரு நாள் வந்தது, திரும்ப வரவழைக்க அவர்களுக்கே தெரியவில்லை. 2026-இல் சின்ன டிராக்குகளுக்கு 670 குதிரைத்திறனை 750 ஆக்குவதாக அறிவித்தார்கள். எனக்கு அதைவிடத் தேய்கிற டயர் போதும்.

ஹன்ட்ஸ்வில் அக்கா:

ரசிகர், ரசிகர் என்கிறீர்கள், எந்த ரசிகர் என்று யாரும் சொல்லக் காணோம்.

நாங்கள் அலபாமாவில் இருக்கிறோம், டல்லடேகா டிராக் பக்கம்தான், ஆனாலும் ரொம்ப நாள் போகவில்லை. காரணம் அந்தக் கொடி. மைதானத்துக்கு நடுவே கூடாரம் கூடாரமாகக் கான்ஃபெடரேட் கொடி, அடிமை முறைக்காகப் போரிட்ட தென் மாநிலங்களின் கொடி, பறக்கும், என் பையனுக்கு அதை எப்படி விளக்குவது? 2020-இல் தடை செய்தார்கள். அப்போது "ரசிகர்கள் போய்விடுவார்கள்" என்று எத்தனை சத்தம். 2021 அக்டோபரில் நாங்கள் முதல் தடவையாகப் போனோம், பையனுக்கு டிரைவர் பபா வாலஸ் என்றால் உயிர், அவர் நம்பர் 23 போட்ட தொப்பி. ஞாயிறு முழுக்க மழை. அவ்வளவு பெரிய ஓவலில் (நீள்வட்ட டிராக்) ஈரத்தில் ஓட்ட மாட்டார்கள், நாளைக்கு என்று சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை எனக்கு ஆபீஸ், அவனுக்குப் பள்ளிக்கூடம். திரும்பிவிட்டோம்.

திங்கள் மதியம் மீட்டிங்குக்கு நடுவே ஃபோனைத் திறக்கிறேன், 117-ஆவது லேப்பில் மறுபடி மழை, ரேஸை அத்தோடு முடித்துவிட்டார்கள், முன்னால் இருந்தவர் வாலஸ். 1963-இல் வெண்டெல் ஸ்காட் ஜெயித்ததற்கு அப்புறம் இந்தப் பெரிய போட்டியில் ஜெயித்த முதல் கறுப்பினத்தவர். பள்ளிக்கூட வாசலில் பையன் கேட்டான், "அம்மா, லீவு போட்டிருக்கலாம்ல?" இன்றைக்கும் ஏதாவது கோபம் என்றால் அதைத்தான் சொல்லிக் காட்டுகிறான், இப்போது என்னைவிட உயரம்.

நாக்ஸ்வில் தம்பி, டயர் தேய்வது தேயாதது எனக்குப் புரியவில்லை. நாங்கள் கூச்சமில்லாமல் உள்ளே போய் உட்கார முடிந்ததே ஒரு மாற்றத்தால்தான், அதையும் கணக்கில் வையுங்கள். அப்புறம் சார்லட் அண்ணா, தயிர்சாதத்தில் தயிரைக் குறைத்துப் பால் ஊற்றிப் பிசைந்தால் சாயங்காலம் வரை புளிக்காது.

சாண்ட்லர் மாப்பிள்ளை:

அக்கா, உங்கள் பையன் பக்கம்தான் நான்.

நாக்ஸ்வில், ரேஸ் நன்றாக இருந்தால் போதும் என்கிறீர்கள். ஃபீனிக்ஸில் 300 லேப் வரைக்கும் எனக்கும் நன்றாகத்தான் இருந்தது.

விட்டுப்போன ஒன்று. 2026 ஜனவரியில் புது ஃபார்மட் அறிவித்தார்கள் அல்லவா, பழைய சேஸ் மாதிரியே: 16 பேர், கடைசி பத்து ரேஸ், யாரையும் நடுவில் கழிப்பது கிடையாது, பத்திலும் சேர்த்து யாருக்குப் பாயிண்ட் அதிகமோ அவருக்குக் கப், ஒரு ரேஸ் ஜெயித்தால் 40-க்குப் பதில் 55 பாயிண்ட். சந்தோஷத்தில் மாமனாருக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"சரி மாப்ள, நல்லது. அப்ப அந்த 11-ஆம் நம்பர்காரனுக்குப் போன வருசக் கப்பைத் திருப்பிக் குடுத்துருவாங்கள்ல?"