முன் டயர் ரெண்டும் ஓரம் தேஞ்சிருக்கு: ரெண்டு மாத்தணுமா, நாலுமா? புதுசு முன்னாலயா, பின்னாலயா?

வைகைக்கரை எழுதியது:

வணக்கம். 2018 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். வண்டியோட வந்த டயர்தான் இன்னும் ஓடுது. சைஸ் 165/80 ஆர்14 85எஸ், டியூப்லெஸ், இரும்பு டிஸ்க் (டயர் மாட்டுற ரிம்). 46,000 கி.மீ. ஆகியிருக்கு. பட்டன் (ரோட்டில் படுற ரப்பர் கட்டை) ஆழம் அளக்கிற கேஜ் வெச்சுப் பார்த்ததில்:

முன் டயர் ரெண்டும் நடுவில் 3.5 மி.மீ., உள் ஓரம் வெளி ஓரம் ரெண்டிலும் 2 மி.மீ.
பின் டயர் ரெண்டும் 4.5 மி.மீ., எல்லா இடத்திலும் சமம்.
நாலு டயரிலும் சைடுவாலில் (பக்கச் சுவரில்) முடி மாதிரி வெடிப்பு. பள்ளத்தோட அடியிலும் கொஞ்சம் தெரியுது.
இடது முன் டயரில், கடைசி வரிசைப் பட்டனில், கயிறு சொருகின பஞ்சர் ஒண்ணு இருக்கு. காத்து இறங்கலை.

டயரில் டிஓடி (தயாரிப்புக் குறியீடு) கடைசி நாலு எண் 2318. கதவு ஸ்டிக்கரில் நாலு சக்கரத்துக்கும் 33 பிஎஸ்ஐ. வெயில் காலத்தில் குறைச்சு வைக்கணும்னு எல்லாரும் சொல்றதால மதிய நேரத்தில் பங்க்கில் 30 வைக்கிறது வழக்கம்.

டயர் கடையில், "முன்னாடி ரெண்டு மட்டும் மாத்துங்க, புதுசை முன்னாலயே போடுங்க, 185/65 ஆர்14 போட்டா பிடிப்பு கூடும்" என்கிறாங்க. மாசக் கடைசியில் குடும்பத்தோட மதுரையிலிருந்து சென்னை போகணும். என்ன செய்யலாம்? ஸ்டெப்னியும் 2018 டயர்தான், ஓட்டினதே இல்லை.

---

சக்கரம்_திருச்சி பதில்:

நாலையும் மாத்துங்க. ஆழத்தை மட்டும் பார்த்தால் பின் டயர் இன்னும் ஓடும் போலத் தெரியும், ஆனால் 2318 என்றால் 2018-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. ஆறு வருஷத்துக்கு மேல் பயன்படுத்த வேண்டாம் என்று பல கார் நிறுவனங்கள் கையேட்டிலேயே எழுதியிருக்கின்றன. டயர் நிறுவனங்கள் பொதுவாகச் சொல்லும் உச்ச வரம்பு 10 வருஷம், அதுவும் ஐந்து வருஷத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் கழற்றிப் பார்த்தால்தான். உங்கள் டயரில் பள்ளத்தின் அடியிலேயே வெடிப்பு வந்துவிட்டது. வெயிலும் ஓசோனும் ரப்பரை மேலிருந்து காய வைக்கின்றன. அந்த வெடிப்பு வழியாக ஈரம் உள்ளே போய், பட்டனுக்கு அடியில் இருக்கும் ஸ்டீல் பெல்ட்டை (கம்பி அடுக்கை) துருப்பிடிக்க வைக்கும். பெல்ட்டும் ரப்பரும் பிரிவது வெளியே தெரியாது, வேகத்தில் போகும்போது பட்டன் பகுதி முழுசாக உரிந்துகொண்டு வரும்போதுதான் தெரியும்.

முன் டயரின் தேய்மானத்துக்குக் காரணம் அலைன்மென்ட் இல்லை. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் டோ, கேம்பர் (சக்கரம் நிற்கும் கோணங்கள்) பக்கம் சந்தேகப்படலாம். நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நின்றால் காற்று குறைவு. நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது.

ஸ்டிக்கரில் போட்டிருக்கும் 33 குளிர்ந்த டயருக்கான அளவு. குறைந்தது மூன்று மணி நேரம் நிழலில் நின்ற வண்டி, அல்லது இரண்டு கிலோமீட்டருக்குள் ஓடிய வண்டி. டயருக்குள் காற்றின் சூடு 10 டிகிரி ஏறினால் இந்த அளவுகளில் சுமார் 1.5 பிஎஸ்ஐ ஏறும். மதுரை மதிய வெயிலில் ஓடி வந்த டயருக்குள் 50 டிகிரி என்று வையுங்கள். அப்போது 30 காட்டினால், மறுநாள் காலை 25 டிகிரியில் அதே டயரில் 26 சொச்சம்தான் இருக்கும். நீங்கள் 30-ல் ஓட்டுவதாக நினைத்துக்கொண்டு 26-ல் ஓட்டியிருக்கிறீர்கள். தேவையில் ஏழு பிஎஸ்ஐ பற்றாக்குறை, அதை எடை அதிகமுள்ள முன் சக்கரம் ஓரத்தில் காட்டிவிட்டது.

வெயிலில் காற்றைக் குறைக்கும் பழக்கத்தை விட்டே ஆகணும். குறைந்த காற்றில் சைடுவால் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடிந்து நிமிரும். அந்த மடிப்புதான் சூட்டை உண்டாக்குகிறது. நாலு வழிச்சாலையில் ஐந்து பேரும் பெட்டியுமாக 100-ல் ஒரு மணி நேரம் போனால் சூடு ஏறிக்கொண்டே போய்ப் பெல்ட் ஓரம் பிரியும். கோடைகாலத்தில் டயர் வெடிப்பதற்கு முக்கியக் காரணம் காற்றுக் குறைவும், அதிக பாரமும், பழைய டயரும்தான். காலையில் 33 வைத்தது மதியம் 38 காட்டினாலும் திறந்து விடாதீர்கள், அந்த ஏற்றத்தைக் கணக்கில் சேர்த்துத்தான் 33 என்று கொடுத்திருக்கிறார்கள். முழு பாரத்துக்கு ஸ்டிக்கரில் தனி அளவு இருந்தால் பயணத்தன்று அதையே வையுங்கள்.

பங்க் மீட்டரை முழுசாக நம்பாமல் சொந்தமாக ஒரு கேஜ் வாங்கிக்கொள்ளுங்கள். 15 நாளுக்கு ஒரு தடவை, காலையில், வீட்டு வாசலிலேயே பார்த்தால் போதும்.

---

கோவை_ஃபிட்டர் பதில்:

மேலே சொன்னதோடு ஒத்துப்போறேன். சைஸ் பத்தி மட்டும்.

165/80 ஆர்14 டயரோட மொத்த விட்டம் சுமார் 620 மி.மீ. 185/65 ஆர்14 சுமார் 596. கிட்டத்தட்ட 4 சதவீதம் சின்னது. வண்டி 12 மி.மீ. தாழும், ஸ்பீடோமீட்டர் கூட்டிக் காட்டும். முன்னால அது, பின்னால பழைய சைஸுன்னா நிலைமை இன்னும் மோசம்: நாலு சக்கரத்தோட சுழற்சியை ஒப்பிட்டு வேலை செய்ற ஏபிஎஸ்ஸுக்கு (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்காம பார்த்துக்கிற அமைப்பு) எப்பவும் ஒரு வித்தியாசம் தெரிஞ்சிட்டே இருக்கும். உங்க ஸ்டெப்னியும் ஒத்துப்போகாது. அகலமா போட்டே ஆகணும்னா 185/70 ஆர்14 விட்டத்தில் நெருங்கி வரும் (சுமார் 615), ஆனா கையேட்டில் அனுமதி இருக்கான்னு பார்க்கணும், டிஸ்க் அகலமும் சரியா இருக்கணும். உங்க தேவைக்கு 165/80-ஐயே போடுங்க.

85எஸ் என்பதில் 85 ஒரு டயர் தாங்கும் பாரம், 515 கிலோ. எஸ் என்றால் 180 கி.மீ. வேக வரம்பு. 82-ஐத் தள்ளுபடியில் கொடுத்தா வாங்காதீங்க, அது 475 கிலோதான். எழுத்து டி ஆகவோ எச் ஆகவோ ஏறினா பரவாயில்லை, இறங்கக் கூடாது. ஐஎஸ்ஐ முத்திரை இருக்கான்னும் பாருங்க. தயாரான வாரத்தை நாலு டயரிலும் நீங்களே படிச்சுப் பாருங்க. முழு எண் ஒரு பக்கச் சைடுவாலில் மட்டும்தான் இருக்கும், அதனால மாட்டுறதுக்கு முன்னாடியே பார்த்துடுங்க.

அந்தக் கயிறு பஞ்சரைப் பத்தி: இடம் தப்பு. பெல்ட் முடியுற ஓரத்தில், சைடுவால் மடியுற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஓட்டையை ஒட்டவே கூடாது. நடுப்பட்டன் பகுதியில், 6 மி.மீ.க்குள்ள ஓட்டைன்னா மட்டும் டயரைக் கழற்றி, உள்பக்கமிருந்து காளான் பேட்ச் போடலாம். கயிறு சொருகுறது கடை வரைக்கும் போய்ச் சேர்றதுக்கு. உள்ளே கழற்றிப் பார்க்கிறதில் இன்னொரு லாபமும் இருக்கு. காத்தில்லாம கொஞ்ச தூரம் ஓட்டின டயருக்குள்ளே கறுப்புத் தூளும், சைடுவாலின் உள்சுற்றில் உரசின கோடும் இருக்கும். அது தெரிஞ்சா பஞ்சர் சின்னதா இருந்தாலும் டயர் போச்சு.

---

வைகைக்கரை பதில்:

காத்துக் கணக்கு இப்போதான் புரியுது. நன்றி. ஒரு சந்தேகம்: பட்ஜெட் இடிச்சு இந்த மாசம் ரெண்டு மட்டும்தான் வாங்க முடியும்னா? முன் சக்கர டிரைவ் வண்டி, பிரேக்கும் முன்னாடிதானே அதிகம் பிடிக்குது. அப்போ கடைக்காரர் சொல்றது சரிதானே?

---

சக்கரம்_திருச்சி பதில்:

இல்லை. இரண்டு மட்டும் வாங்கினால் புதுசு பின்னால் போகணும். இப்போதைய பின் டயர்கள் (4.5 மி.மீ.) முன்னால் வரும், முன்னால் இருப்பவை இரண்டும் ஸ்டெப்னியாகக்கூட வேண்டாம்.

மழை பெய்து தண்ணீர் தேங்கின வளைவில் பள்ளம் குறைந்த டயர் முதலில் தண்ணீர் மேல் மிதக்கும். முன் சக்கரம் மிதந்தால் ஸ்டியரிங் லேசாவது கையில் தெரியும், வண்டி வளைவுக்கு வெளியே நேராகப் போகப் பார்க்கும், ஆக்ஸிலரேட்டரை மெல்ல விட்டால் வேகம் குறைந்து பிடிப்பு திரும்பும். பின் சக்கரம் மிதந்தால் முன்னறிவிப்பே கிடையாது. பின்பக்கம் வீசி வண்டி சுழலும், பயத்தில் காலை எடுத்தாலோ பிரேக்கை அழுத்தினாலோ எடை முன்னால் சாய்ந்து சுழற்சி இன்னும் கூடும். பழகின ஓட்டுநருக்கே அதைத் திருத்துவது கடினம். எந்தச் சக்கரம் வண்டியை இழுக்கிறது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஆனால் வெடிப்பு விட்ட அந்த இரண்டையும் முன்னால் போட்டுக்கொண்டு முழு பாரத்தோடு சென்னைப் பயணம் வேண்டாம். அடுத்த இரண்டையும் வாங்கும் வரை ஊருக்குள் ஓட்டுங்கள், பயணத்தைப் பஸ்ஸிலோ ரயிலிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டப்படி காருக்கு 1.6 மி.மீ. வரை ஓட்டலாம், பள்ளத்துக்குள் குறுக்கே இருக்கும் சின்ன மேடுகள் அந்த அளவைக் காட்டும். ஐப்பசி மழையில் ஓட்டுகிறவர்கள் 3 மி.மீ. வந்ததுமே மாற்றத் தயாராவது நல்லது.

புதுசு நாலும் போட்ட பிறகு 8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒரு தடவை இடம் மாற்றுங்கள். முன் சக்கர டிரைவுக்கு: முன் டயர்கள் நேராகப் பின்னால், பின் டயர்கள் குறுக்காக முன்னால். சைடுவாலில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் குறுக்கே மாற்றக் கூடாது, அந்தந்தப் பக்கத்திலேயே முன்பின் மட்டும்.

---

கோவை_ஃபிட்டர் பதில்:

கடையில் பக்கத்தில் நின்னு பார்க்க வேண்டியது:

டயர் கழற்றினதும் டிஸ்க்கின் உதட்டைப் பாருங்க, பீடு (டயரோட உள் விளிம்பு) உட்கார்ற வளையம். அங்கே துரு இருந்தா கம்பி பிரஷ் போட்டுச் சுத்தம் பண்ணச் சொல்லுங்க. மெதுவா காத்து இறங்குதுன்னு வர்ற வண்டிகள்ல இரும்பு டிஸ்க்காக இருந்தா பாதிக் குற்றவாளி அந்தத் துருதான். உதடு நெளிஞ்சிருந்தா சுத்தியலால அடிச்சு நிமிர்த்தி மாட்ட விடாதீங்க.

ரப்பர் வால்வை நாலிலும் புதுசா போடச் சொல்லுங்க. டயரோட விலையில் அது ஒண்ணுமே இல்லை. பழைய வால்வை விரலால மடக்கினா அடியில் வெடிப்பு தெரியும், அந்த இடத்திலதான் திடீர்னு பிய்யும்.

பீடுக்குத் தடவ மவுண்டிங் சோப்பு பேஸ்ட் மட்டும். கிரீஸ், ஆயில் வேண்டாம், ரப்பரைக் கெடுக்கும், பிரேக் போடும்போது டயர் டிஸ்க்கில் வழுக்கும். பீடு "டப்" "டப்"னு ரெண்டு சத்தத்தோட உட்காரணும். 40 பிஎஸ்ஐ ஏத்தியும் உட்காரலைன்னா மேல ஏத்தக் கூடாது, காத்தை இறக்கிட்டு மறுபடி பேஸ்ட் தடவணும். அப்போ டயர் மேல குனிஞ்சு நிற்காதீங்க. உட்கார்ந்த பிறகு டிஸ்க் உதட்டை ஒட்டி டயரில் ஓடுற மெல்லிய கோடு சுத்திலும் சம தூரத்தில் இருக்கணும்.

பேலன்ஸிங் நாலுக்கும். 80 முதல் 100 வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கினா முன் சக்கரம், சீட் நடுங்கினா பின் சக்கரம். அலைன்மென்ட் புது டயர் போட்ட பிறகு. அதுக்கு முன்னாடி டை ராட் எண்டும் லோயர் ஆர்ம் புஷ்ஷும் (சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற இணைப்புகள்) ஆடுதான்னு பார்க்கச் சொல்லுங்க, ஆட்டம் இருக்கிற வண்டிக்கு அலைன்மென்ட் நிற்காது.

நட்டு விஷயம்தான் நம்ம ஊரில் ரொம்ப மோசம். முதல் ரெண்டு மூணு சுற்று கையாலதான் ஏறணும். எடுத்த எடுப்பிலேயே காத்துத் துப்பாக்கியை வெச்சா மரை கெடும். துப்பாக்கியால முழுசா இறுக்கினா போல்ட் நீளும், பிரேக் டிஸ்க் சீரில்லாம இறுகிப் பிரேக் போடும்போது அதிரும், வழியில் பஞ்சர்னா உங்களால கழற்றவும் முடியாது. டார்க் ரெஞ்ச் (இறுக்க அளவைக் காட்டுற ஸ்பேனர்) வெச்சு எதிரெதிரா இறுக்கணும். சின்னக் கார்களுக்குப் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள்ள இருக்கும், உங்க வண்டியோட எண் கையேட்டில் இருக்கு. மரையில் ஆயில் தடவினா அதே எண்ணுக்கு இறுக்கம் கூடிடும், அதனால காய்ஞ்சே இருக்கட்டும். 50 முதல் 100 கி.மீ. ஓடின பிறகு ஒரு தடவை மறுபடி சரிபாருங்க.

நைட்ரஜன் கேட்டா காசு கொடுக்கத் தேவையில்லை. சாதாரணக் காத்திலேயே 78 சதவீதம் அதுதான். நைட்ரஜன் போட்டாச்சுன்னு மாசக்கணக்கில் செக் பண்ணாம விடுறவங்க வண்டிதான் கடைசியில் 24-ல் வந்து நிற்கும்.

---

நெடுஞ்சாலை_நண்பன் பதில்:

ஸ்டெப்னியின் வயது பற்றி யாரும் எழுதவில்லை. ஓடாமல் இருந்தாலும் அதற்கும் வயது ஏறியிருக்கிறது. அருகிலுள்ள கடைக்குப் போய்ச் சேர மட்டும், நிதானமான வேகத்தில் பயன்படுத்துங்கள். கிளம்புவதற்கு முன் அதன் காற்றைப் பார்த்து, மற்றதைவிட இரண்டு மூன்று பிஎஸ்ஐ கூட்டியே வையுங்கள். ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி வரும் வண்டிகளுக்கு அதன் மேலேயே காற்றின் அளவும் 80 கி.மீ. வேக வரம்பும் எழுதியிருக்கும். 2020 விதித் திருத்தத்துக்குப் பிறகு சில கார்கள் ஸ்டெப்னி இல்லாமல் பஞ்சர் கிட்டோடு வருகின்றன, சைடுவால் கிழிந்தால் அந்தக் கிட்டால் பயனில்லை.

வீட்டு வாசலிலேயே ஒரு தடவை கழற்றி மாட்டிப் பாருங்கள். சமதளம், ஹேண்ட்பிரேக், முதல் கியர், தூக்கும் சக்கரத்துக்குக் குறுக்கே எதிரில் இருக்கும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல். ஜாக்கி போடுவதற்கு முன்பே நட்டுகளைக் கால் சுற்று தளர்த்த வேண்டும். தூக்கிய பிறகு பலம் கொடுத்தால் வண்டி ஜாக்கியிலிருந்து நழுவும். ஜாக்கியின் வாய், கதவுக்குக் கீழே ஓரத் தகட்டில் இரண்டு வெட்டுகளுக்கு நடுவே சரியாக உட்காரணும். கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் படுக்க வைத்துவிட்டு ஸ்டெப்னியை மாட்டுங்கள், ஜாக்கி சாய்ந்தாலும் வண்டி அதன் மேல்தான் நிற்கும். நட்டின் கூம்புப் பக்கம் டிஸ்க்கைப் பார்த்து இருக்கணும். கடைசி இறுக்கம் சக்கரம் தரையில் பட்ட பிறகு.

சக்கரம் துருவில் ஒட்டிக்கொண்டு வராவிட்டால், நட்டுகளை இரண்டு சுற்று இடைவெளி விட்டு மறுபடி போட்டு, வண்டியை மெல்ல இறக்கினால் எடையே பிரித்துவிடும்.

நெடுஞ்சாலையில் பஞ்சரானால் நின்ற இடத்திலேயே மாற்றத் தொடங்காதீர்கள். ஓட்டுநர் பக்கச் சக்கரம் என்றால் உங்கள் முதுகு லாரி போகும் பக்கம் இருக்கும். ஹசார்ட் போட்டுக்கொண்டு மெதுவாக அடுத்த பங்க் அல்லது லாரி நிறுத்தும் இடம் வரை போங்கள். அந்த டயர் பாழாகட்டும். போகவே முடியாது என்றால் எச்சரிக்கை முக்கோணத்தை 50 மீட்டர் பின்னால் வைத்து, குடும்பத்தை இறக்கி, தடுப்புக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, சுங்கச்சாவடிகளில் எழுதியிருக்கும் 1033-க்குப் போன் செய்யுங்கள்.

---

வைகைக்கரை பதில்:

நாலும் 165/80-லேயே வாங்க முடிவு பண்ணியாச்சு. பயணத்துக்கு ஒரு வாரம் முன்னாடியே மாட்டிட்டு, ஊருக்குள்ள கொஞ்சம் ஓட்டி, நட்டை மறுபடி செக் பண்ணிட்டுக் கிளம்பறேன். காத்து இனிமே காலையில், 33.