ஈ.கோலையில் அமார்ஃபாடையீன்: ஐ.பி.டி.ஜி. போட்டதும் வளர்ச்சி நிற்கிறது

கேள்வி: ஈ.கோலை பாக்டீரியாவில் ஈஸ்ட்டின் மெவலோனேட் பாதையோடு (மெவலோனேட் வழியாகச் செல்லும் நொதித் தொடர்), மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினினுக்கு மூலமான அமார்ஃபாடையீனைத் தரும் சின்தேஸ் நொதியும் சேர்த்தாச்சு. 37 டிகிரி, 1% குளுக்கோஸ், சேர்த்த மரபணுக்களை இயக்கிவிட 0.5 மில்லிமோலார் ஐ.பி.டி.ஜி. செல் அடர்த்தியைக் காட்டும் ஓ.டி. 1-ஐத் தாண்டவில்லை, விளைபொருளும் இல்லை. சின்தேஸ்தான் நஞ்சா?

பதில் 1: சின்தேஸ் மேல் பழி போடாதீர்கள். பாதையில் மெவலோனேட்டுக்கு முந்தைய இடைப்பொருளான எச்.எம்.ஜி.-கோஏ தேங்கினால் கொழுப்பு அமிலத் தயாரிப்பு முடங்கும். பால்மிடிக் அமிலம் சேர்த்ததும் வளர்ச்சி மீண்டால் அதுதான் காரணம். அதை மெவலோனேட்டாக மாற்றும் நொதியான எச்.எம்.ஜி. ரிடக்டேஸை, சவ்வில் பிணைக்கும் பகுதியை வெட்டிய வடிவில், கூட்டுங்கள். அதுவரை 30 டிகிரி, 0.1 ஐ.பி.டி.ஜி.

பதில் 2: விளைபொருள் காற்றோடு ஆவியாகியும் போயிருக்கலாம்! அதைப் பிடித்துவைக்க, வளர்ப்பின் மேல் டோடெகேன் என்ற எண்ணெய்க் கரைப்பானை 20% ஊற்றுங்கள்; அந்த டோடெகேனை எத்தில் அசிடேட்டில் நீர்த்து, சேர்மங்களைப் பிரித்து நிறையால் அடையாளம் காணும் ஜி.சி.-எம்.எஸ். கருவியில் அமார்ஃபாடையீனின் 189, 204 அயனிகளைத் தேடுங்கள்.

கேட்டவர்: மெவலோனேட்டையே ஊடகத்தில் கொடுத்தால்?

பதில் 1: கொடுங்கள், 10 மில்லிமோலார். அமார்ஃபாடையீன் வந்தால் மெவலோனேட்டுக்குப் பிந்தைய கீழ்ப்பாதி சரி, கோளாறு அதற்கு முந்தைய மேல்பாதியில்.